நிழலில்லா நாளும் பெங்களூரு மொட்டை மாடியும்

ஏப்ரல் 24 நெருங்கினால் பெங்களூரு தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு நிழலே விழாது’ என்று செய்தி சுற்றும். அன்று சூரியன் நேர் தலைக்கு மேலே வருவதால் நிமிர்ந்து நிற்கும் கம்பின் நிழல் பக்கவாட்டில் விழாது. செய்தி சரிதான், மணிதான் தப்பு.

நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். பெங்களூரு அதற்கு மேற்கே, 77.6 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வர 12.17 ஆகிவிடும். பன்னிரண்டு மணிக்கு ஒரு மீட்டர் கம்பை நட்டால் ஏழு சென்டிமீட்டர் நிழல் விழும். ‘எல்லாம் புருடா’ என்று கீழே சாப்பிடப் போய்விட வேண்டியதுதான்! சென்னைக்கும் நமக்கும் இந்த நாள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அங்கே 12.07. அக்கா அங்கிருந்து அனுப்பும் போட்டோவைப் பார்த்து இங்கே அவசரப்பட வேண்டாம்.

தேதிக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள், 24ஆ 25ஆ என்று. ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் அந்த மீட்டர் கம்புக்கு ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. பத்து நிமிடம் தவறினால் நான்கு சென்டிமீட்டர். ஏப்ரலில் விட்டவர்களுக்கு ஆகஸ்ட் 18 வாக்கில், 12.24க்கு, இன்னொரு வாய்ப்பு உண்டு. மழை மேகம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், தானே நின்று பார்ப்பது. தோளும் வயிறும் இருக்கும் வரை காலைச் சுற்றி நிழல் இருக்கத்தான் செய்யும். நேரான பிவிசி பைப் துண்டு நல்லது. மாடித் தரை தண்ணீர் வடியச் சரிவாகப் போட்டது என்பதால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கம்பு ஒரு பாகை சாய்ந்தாலே மீட்டருக்கு 1.7 சென்டிமீட்டர் நிழல் வந்துவிடும். நிழல் ‘காணாமல் போகிறது’ என்பதும் சரியில்லை. பைப்பைச் சற்றே தூக்கினால் அடியில் வளையமாகக் கிடக்கும்.

இது கிரகணமும் இல்லை. சமையலை நிறுத்த வேண்டாம், கர்ப்பிணிகள் அறைக்குள் அடைய வேண்டாம். சூரியனை மட்டும் நிமிர்ந்து பார்க்காதீர்கள்.

டெல்லியில் இருக்கும் தம்பியிடம் ‘உங்க ஊர்ல என்னைக்கு?’ என்று கேட்பதும் வழக்கமான தவறு. சூரியன் நேர் உச்சிக்கு வரும் வடக்கு எல்லை கடகரேகை. அது 23.4 பாகை அட்சரேகையில் ஓடுகிறது, டெல்லி அதற்கும் வடக்கே 28.6இல். அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதே கிடையாது. ஆனாலும் தம்பியை விட்டுவிடாதீர்கள். டெல்லியும் பெங்களூரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகை. நமக்கு நிழல் இல்லாத அன்று அவர் 12.19க்கு மீட்டர் கம்பு நட்டால் 28 சென்டிமீட்டர் நிழல் விழும். கால்குலேட்டரில் 0.28க்கு டேன் இன்வர்ஸ் போட்டால் 15.6 பாகை, அதுதான் பூமியின் வளைவில் இரு ஊர்களுக்கும் இடையிலான கோணம். இரு ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,740 கி.மீ. அதை 15.6ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 40,150 வரும். பூமியின் சுற்றளவு 40,000 சொச்சம்! கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் போட்ட கணக்கு இதேதான். இதில் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: மேப் காட்டும் சாலைத் தூரம், 2,100 சொச்சம், அதைப் போட்டுவிடுவார்கள். பூமி 48,000 கி.மீ.யைத் தாண்டிப் பெருத்துவிடும்.