பழைய பேனாக்கத்தி சேகரிக்கத் தொடங்குவோருக்கு: கண்காட்சி மேசையில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கத்திக் கண்காட்சிக்குள் முதன்முறை நுழைபவர் தடுமாறுவது இயல்பு. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் துணி விரித்து அடுக்கிய மடக்குக்கத்திகள். எது பளபளக்கிறதோ அதன்மேல்தான் கண் போகும். பழைய கத்தியைப் பொறுத்தவரை அந்தப் பளபளப்புதான் முதல் எச்சரிக்கை. எண்பது ஆண்டுக் கத்தி கண்ணாடிபோல் மின்னினால், பெரும்பாலும் யாரோ அதை மெருகுச் சக்கரத்தில் பிடித்திருக்கிறார் என்று பொருள். கைபடாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்த கத்திகளும் உண்டு. ஆனால் அவை அரிது, விலையும் அதற்கேற்ப இருக்கும். தொடக்கத்தில் நாம் தேட வேண்டியது, உழைத்துத் தேய்ந்திருந்தாலும் யாரும் திருத்தாத கத்தியை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேகரிக்கிறேன் என்று கிளம்பினால் ஓராண்டில் ஒரு பெட்டி நிறையக் கத்தி சேரும், சேகரிப்பு சேராது. ஒரு நிறுவனம், ஒரு வடிவம், ஒரு வகைப் பிடி, அல்லது ஓர் ஊர் என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்த ஊர்கள். அமெரிக்காவில் கேஸ், ரெமிங்டன், ஷ்ரேட் போன்ற பெயர்களுக்குத் தனித்தனி ரசிகர் கூட்டமே உண்டு.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது கேஸ். அதன் முத்திரைகளைக் கொண்டு காலத்தைக் கணிப்பது மற்ற நிறுவனங்களை விட எளிது. வடிவத்தின் வழியே போக விரும்பினால் பார்லோவில் தொடங்கலாம். பிடியின் ஒரு முனையில் மட்டும் நீளமான உலோகப் பூண் கொண்ட எளிய கத்தி அது. பல நிறுவனங்கள் செய்திருப்பதால் ஒப்பிட்டுப் பழக வசதியானது.

படி 2: கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், மெல்லிய பருத்தித் துணி, குறிப்பேடு. இவை போதும். புற ஊதா டார்ச் இருந்தால் நல்லது. கைப்பிடி விரிசலில் ஒட்டிய பசை அந்த ஒளியில் பல நேரம் தனியாக ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். ஒளிராததாலேயே பழுது இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

படி 3: மேசை மரியாதை

கேட்காமல் எடுக்காதீர்கள். அனுமதி கிடைத்ததும் பிடியைப் பற்றி எடுங்கள். அலகில் விரல் படக் கூடாது, வியர்வை பட்ட இடத்தில் துரு தொடங்கிவிடும். அலகைத் திறக்க நகம் வைக்கும் சிறு பள்ளமான நகக்குழியில் நகம் வைத்து மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடுங்கள். அலகைச் சடாரென்று விட்டு ஓசை எழுப்பிப் பார்ப்பவரை எந்த வியாபாரியும் இரண்டாம் முறை விரும்பமாட்டார். இரண்டு மூன்று அலகுள்ள கத்தியில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறப்பது ஸ்பிரிங்குக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது. இன்னொருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கத்திக்குக் குறுக்கே புகுந்து விலை கேட்பது அநாகரிகம்.

படி 4: டாங்கிலிருந்து தொடங்குங்கள்

அலகு பிடியைச் சந்திக்கும் இடத்தில் கூர் இல்லாத, தட்டையான சிறு பகுதி ஒன்று இருக்கும். அதுதான் டாங். தயாரித்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். ஆகவே லென்ஸை முதலில் அங்கே கொண்டுபோங்கள்.

கேஸ் கத்திகளை எடுத்துக்கொள்வோம். ‘கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்’ என்ற முத்திரை இருந்தால் ஏறத்தாழ 1920க்கும் 1940க்கும் இடைப்பட்டது. வெறும் ‘கேஸ் எக்ஸ் எக்ஸ்’ என்றால் 1940 முதல் 1960களின் நடுப்பகுதி வரை. 1965 அளவில் அதனுடன் ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகளைப் பொறித்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஆக, ஏழு புள்ளி இருந்தால் 1973, ஒரே புள்ளி இருந்தால் 1979. 1980இல் எழுத்து வடிவத்தை மாற்றி மீண்டும் பத்துப் புள்ளியில் தொடங்கினார்கள். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

டாங்கின் பின்பக்கத்தில் உள்ள எண்ணும் பேசும். 6254 என்றால் முதல் இலக்கம் பிடியைக் குறிக்கிறது: 6 என்பது பள்ளம் செதுக்கிய எலும்பு, 5 என்றால் மான்கொம்பு. இரண்டாவது இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. எஞ்சிய 54 என்பது டிராப்பர் என்ற கத்தி வடிவம். எண் 62இல் தொடங்கி, கையில் இருக்கும் கத்தியில் ஒரே அலகுதான் இருக்கிறதென்றால் மேலே பேச எதுவும் இல்லை. ஒரு சிறு விதிவிலக்கு: பிற்காலத்தில் எலும்புக்குப் பதில் டெல்ரின் என்ற செயற்கைப் பொருள் வந்தபோதும் 6 என்ற எண்ணையே தொடர்ந்தார்கள். ஆகவே எண்ணைப் பார்த்தபின் பிடியையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியக் கத்திகளுக்கு வேறொரு கணக்கு. அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும். 1891இல் இது நடைமுறைக்கு வந்தது. ஆகவே ‘இங்கிலாந்து’ அல்லது ‘ஜெர்மனி’ என்ற பெயர் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. தலைகீழாகச் சொல்ல முடியாது. நாட்டின் பெயர் இல்லை என்பதாலேயே அது 1891க்கு முந்தையது ஆகிவிடாது. உள்நாட்டில் விற்றதாக இருக்கலாம், பெயர் தேய்ந்தும் போயிருக்கலாம். ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கத்திகளில் ‘ஐ எக்ஸ் எல்’ இருக்கும். இந்தப் பெயர்களுக்கு அந்தக் காலத்திலேயே போலிகள் வந்தன. எனவே முத்திரை இருக்கிறதா என்பதோடு அது எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

அச்சால் அடித்த பழைய முத்திரை உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். அமிலத்தாலோ மின்சாரத்தாலோ பின்னர் பொறித்தது மேலோட்டமாகவும் ஓரம் மங்கியும் தெரியும். அலகெல்லாம் தேய்ந்து முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருந்தாலும், அலகு புதிதுபோல் இருந்து முத்திரை மட்டும் கரைந்திருந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். முன்னதில் முத்திரை புதிதாக இருக்கலாம். பின்னதில் அலகைச் சக்கரத்தில் பிடித்திருக்கலாம்.

படி 5: அலகு முழுமையாக இருக்கிறதா?

ஒவ்வொரு முறை சாணைபிடிக்கும்போதும் அலகு கொஞ்சம் கரைகிறது. அதே வடிவத்தின் முழு அலகை ஒருமுறை பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால் குறைபாடு சட்டென்று தெரியும். நகக்குழிக்கும் கூர்விளிம்புக்கும் இடையே உள்ள அகலத்தைக் கவனியுங்கள். தேய்வை அது உடனே காட்டிவிடும்.

புதியவர்கள் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. டாங்கின் கூர்ப்பக்கத்தில் சிறு மேடு இருக்கும். கத்தியை மூடும்போது அலகின் கூர் ஸ்பிரிங்கில் மோதாமல் தாங்கி நிற்பது அதுதான். அளவுக்கு மீறிச் சாணைபிடித்த அலகின் முனை, மூடிய நிலையில் பிடிக்கு வெளியே எட்டிப்பார்க்கும். அதை மறைக்க அந்த மேட்டை அராவி அலகை உள்ளே இறக்கிவிடுவார்கள். மேடு தட்டையாகப் பளிச்சென்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

டாங்கின் குறுக்கே மெல்லிய கோடோ நிறமாற்றமோ தெரிந்தால், வேறொரு கத்தியின் அலகை வெட்டி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அலகைத் திறந்து ஒவ்வொரு அலகின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு கறுத்து ஒன்று வெளுத்திருந்தால் அது பிற்பாடு வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

கரும்பழுப்புப் படலத்துக்கும் துருவுக்கும் வேறுபாடு அறிவது அவசியம். படலம் வழவழப்பாக இருக்கும், உலோகத்தைக் காக்கும். துரு சொரசொரப்பாகச் செம்பழுப்பில் இருக்கும், உலோகத்தைத் தின்னும். முதலாவது கத்தியின் வயதுச் சான்று. அதைத் தேய்த்து எடுப்பவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

படி 6: ஓசையும் ஆட்டமும்

நல்ல கத்தி திறந்து முடியும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று தெளிவாக ஒலிக்கும். திறந்த நிலையில் அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் பழைய கத்தியில் பொறுத்துக்கொள்ளத்தக்கது. பிடியின் முதுகில் அலகை அழுத்தி நிற்கும் ஸ்பிரிங், கத்தியைத் திறந்தாலும் மூடினாலும், பிடிக்கு உள்ளே இருபுறமும் இருக்கும் உள்தகடுகளோடு சமமாக நின்றால் செய்தவர் கைதேர்ந்தவர்.

படி 7: பிடி

எலும்பில் லென்ஸ் வழியே பார்த்தால் நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். வார்த்தெடுத்த செயற்கைப் பொருளில் அவை இருக்காது. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் பின்னல்போல் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இருக்கும். தந்தம்போல் செய்த செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் கோடுகள் இணையாக, அளந்து போட்டதுபோல் ஓடும். தந்தம் என்று உறுதியானால், வாங்குமுன் சட்டத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் 1990 முதல் தடைப்பட்டிருக்கிறது, அமெரிக்கா 2016இல் உள்நாட்டு விற்பனையையும் கடுமையாக இறுக்கியது. ஆமையோட்டுப் பிடிக்கும் இதே சிக்கல்தான்.

பொருளைக் கண்டறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். அதுவுமின்றிக் கத்தி உங்களுடையதும் அல்ல. விரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர மணம் வருகிறதா என்று பார்ப்பது போதும். செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருப்பதால் அந்த மணம்.

செல்லுலாய்டின் உண்மையான ஆபத்து அது சிதையத் தொடங்கும்போதுதான். அப்போது வெளிவரும் நைட்ரிக் அமில ஆவி எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளை உள்தகட்டில் பச்சைக் களிம்பு ஏற்றும். பிடிக்குள் மறைந்திருக்கும் அலகுப் பகுதி மட்டும் துருப்பிடித்து, பிடியில் நுண்விரிசலும் பிசுபிசுப்பும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. நிறுத்த வழியில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 8: பெயரை மட்டும் நம்பாதீர்கள்

ரெமிங்டன் 1920இல் பேனாக்கத்தி செய்யத் தொடங்கி 1940இல் நிறுத்தியது. பிடியில் தோட்டா வடிவத் தகடு பதித்த அதன் கத்திகளுக்குத் தேவை அதிகம். ஆனால் 1982 முதல் அந்தப் பெயரிலேயே மறுபதிப்புகள் வந்தன. அவை போலி அல்ல, பழையவையும் அல்ல. ஷ்ரேடிலும் இதே கதை: பழைய நிறுவனம் 2004இல் மூடப்பட்டது, பெயர் மட்டும் கைமாறி வேறிடத்தில் தயாரான கத்திகளில் தொடர்கிறது. அதன் ‘ஷ்ரேட் கட் கோ’ முத்திரை 1946க்கு முந்தையது, ‘ஷ்ரேட் வால்டன்’ அதற்குப் பிந்தையது.

படி 9: விலை

ஒரே வடிவக் கத்தியை நான்கைந்து மேசைகளில் பார்த்து, விலையைக் குறித்துக்கொண்ட பிறகே பேசுங்கள். “இதில் எதையாவது மாற்றியிருக்கிறார்களா?” என்று நேராகக் கேளுங்கள், நல்ல வியாபாரி தயங்காமல் சொல்வார். பதிலை ரசீதிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். தயக்கம் அங்கேதான் தெரியும். கடைசி நாள் பிற்பகலில் விலை இறங்குவது உண்டு. அதற்குள் நல்லவை போயிருப்பதும் உண்டு. நல்ல கத்தி ஒன்றா, சுமாரான கத்தி ஐந்தா என்ற கேள்வி வந்தால் ஒன்றையே எடுங்கள்.

படி 10: வீட்டுக்கு வந்த பின்

விமானத்தில் வருவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள். உங்கள் ஊரின் கத்திச் சட்டத்தையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மூட்டில் ஒரு சொட்டு மெல்லிய கனிம எண்ணெய் விட்டு, பல்குச்சியால் அழுக்கை எடுத்து, துணியால் துடைத்தால் சுத்தம் முடிந்தது. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். சாணைக்கல், மணல்தாள், மெருகுச் சக்கரம் மூன்றும் சேகரிப்பின் பக்கமே வரக் கூடாது. தோலுறையில் வைத்து மறந்துவிடாதீர்கள். தோலைப் பதப்படுத்திய வேதிப்பொருள்கள் எஃகையும் பித்தளையையும் அரிக்கும். துணிச்சுருளில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள்.

செல்லுலாய்டுப் பிடிக் கத்திகளை மற்றவற்றோடு சேர்த்து மூடிய பெட்டியில் வைக்கவே கூடாது. ஒன்று சிதைந்தால் அதன் ஆவி பக்கத்துக் கத்திகளையும் கெடுக்கும். காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் தனியாக வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து முகர்ந்து பாருங்கள். கற்பூர மணம் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அந்தக் கத்தியை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.