குறைந்த செலவில் ஒரு கமாண்டர் டெக்: சப்ரோலிங் படையை வைத்து ஒரு செய்முறை

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆட வருகிற புதியவர்களிடம், விலை கூடிய கார்டுகள் இல்லாமல் கமாண்டர் (ஒரு தலைவர் கார்டை மையமாக வைத்துப் பலர் சேர்ந்து ஆடும் வகை) மேசையில் உட்காரவே முடியாது என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடும் மேசைக்கு இது பொருந்தாது. ஒரே ஒரு கருவை விடாமல் பிடித்துக்கொண்டு டெக் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) கட்டினால், யாரும் சீந்தாத சாதாரணக் கார்டுகளே பெரிய வேலை செய்யும். ஒரு டெக்கை முழுதாகக் கட்டிக் காட்டுகிறேன், கூடவே வாருங்கள்.

படி 1: விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

டெக்கில் கமாண்டரையும் சேர்த்துச் சரியாக 100 கார்டுகள். அடிப்படை லேண்ட் (மானா தரும் நிலக் கார்டு; மானாதான் கார்டுகளை இறக்கக் கொடுக்கும் விலை) தவிர எந்தக் கார்டும் ஒரு பிரதிக்கு மேல் கூடாது. ஒவ்வொருவருக்கும் 40 உயிர்ப்புள்ளிகள். கமாண்டரின் நிற அடையாளத்துக்கு (அந்தக் கார்டில் உள்ள மானா நிறங்களுக்கு) வெளியே உள்ள கார்டைச் சேர்க்க முடியாது. கார்டின் உள்ளே எழுதியிருக்கும் மானாக் குறிகளும் இதில் கணக்கு. கமாண்டர் செத்தால் மறுபடி கமாண்டர் பகுதிக்கே அனுப்பி, அங்கிருந்து திரும்ப இறக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் 2 மானா கூடிக்கொண்டே போகும்.

படி 2: மேசைக் கணக்கைப் போடுங்கள்

நான்கு பேர் ஆடினால் உங்களுக்கு எதிரே மூன்று பேர். ஆக, நீங்கள் கரைக்க வேண்டியது 120 உயிர்ப்புள்ளிகள். இருவர் ஆட்டத்தில் பேர்போன லைட்னிங் போல்ட் கார்டு கொடுக்கும் 3 அடி (உயிர்ப்புள்ளி இழப்பு) இங்கே கடலில் கரைத்த பெருங்காயம்தான். அதனால் கார்டைத் தேடும்போது முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். "ஒவ்வொரு எதிராளிக்கும்" என்று எழுதியிருக்கிறதா? "ஒவ்வொரு அப்கீப்பிலும்" என்று எழுதியிருக்கிறதா? அப்கீப் என்பது ஒருவரின் டர்ன் (அவருடைய முறை) தொடங்கும் கட்டம். முதலாவது இருந்தால் 1 அடி 3 ஆகும். இரண்டாவது இருந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு முறை பலன் கிடைக்கும். செலவைக் குறைக்க நான் நம்புவது இதைத்தான். மூன்று மடங்காக வேலை செய்யும் கார்டு சாதாரணக் கார்டாகவே இருந்தாலும் பரவாயில்லை.

படி 3: கமாண்டரைத் தேர்ந்தெடுங்கள்

நம் உதாரணத்துக்கு ஸ்லைம்ஃபுட், த ஸ்டோவவே. 2018இல் வந்த டொமினேரியா தொகுப்பில் இது வெறும் அன்காமன் கார்டு (காமனை விட அரிது, ரேரை விட எளிதில் கிடைப்பது). கறுப்பும் பச்சையும் சேர்த்து 3 மானா. உங்கள் சப்ரோலிங் ஒன்று செத்தால் ஒவ்வொரு எதிராளிக்கும் 1 அடி, உங்களுக்கு 1 உயிர்ப்புள்ளி. 4 மானா கொடுத்தால் 1/1 (தாக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1) சப்ரோலிங் டோக்கன் (கார்டுக்குப் பதில் வைக்கும் குறி) ஒன்று பிறக்கும்.

சப்ரோலிங் என்பது காளான் இனத்தின் குட்டி உயிர்; உயிர் என்று நான் சொல்வது மேசையில் இறங்கித் தாக்கும், தடுக்கும் கிரியேச்சரை. 1994இல் வந்த ஃபாலன் எம்பையர்ஸ் தொகுப்பின் தாலிட் என்ற காளான் உயிர்களின் காலத்திலிருந்தே இந்தக் குடும்பம் இருக்கிறது. அதனால் எளிதில் கிடைக்கும் காமன், அன்காமன் கார்டுகள் நிறைய. கருவைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படி நெடுநாள் வந்துகொண்டிருக்கும் இனமாகப் பார்த்து எடுப்பது நல்லது.

இரண்டு நிறம் என்பதும் வேண்டுமென்றே எடுத்த முடிவு. நிறம் கூடக் கூட லேண்டுக்கான செலவு ஏறும். முதல் டெக்குக்கு ஒன்று அல்லது இரண்டு நிறம் போதும்.

படி 4: கருவை வினையாகப் பிரியுங்கள்

பலரும் தடுமாறும் இடம் இது. "சப்ரோலிங் டெக்" என்று வைத்துக்கொண்டு, சப்ரோலிங் என்ற பெயர் இருக்கும் எல்லாக் கார்டையும் அள்ளிப் போட்டால் டெக் ஆகாது. நம் டெக்கில் சப்ரோலிங் பிறக்க வேண்டும், சாக வேண்டும், அந்தச் சாவால் நமக்கு லாபம் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்றையாவது செய்யாத கார்டு கருவுக்கான இடத்தில் வரக்கூடாது.

பிறப்புக்கு: டெத்ப்ளூம் தாலிட், யவிமாயா சாஃபர்ட், சப்ரோலிங் மைக்ரேஷன். லேண்ட் இறங்கும்போதெல்லாம் ஒரு சப்ரோலிங் தரும் ஸ்போர்மவுண்ட். ஒவ்வொரு அப்கீப்பிலும் ஒன்று தரும் டெண்டர்ஷூட் ட்ரையட், நால்வர் மேசையில் ஒரு சுற்றுக்கு நான்கு தரும். ரேர் கார்டு ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் வாங்குவேன்.

சாவுக்கு: விசெரா சீர், கேரியன் ஃபீடர். இரண்டுமே 1 மானா. எத்தனை உயிரை வேண்டுமானாலும் இலவசமாகப் பலி கொடுக்கலாம். உட்டோப்பியா மைக்கான் சப்ரோலிங்கைப் பலி வாங்கிக்கொண்டு மானாவாகத் தரும். டோக்கனாக இருந்தாலும் அது செத்தது கணக்கில் வரும், சந்தேகம் வேண்டாம்.

லாபத்துக்கு: சூலபோர்ட் கட்த்ரோட், பாஸ்டியன் ஆஃப் ரிமெம்பரன்ஸ். உங்கள் உயிர் எது செத்தாலும் ஒவ்வொரு எதிராளியும் 1 உயிர்ப்புள்ளி இழப்பார், நீங்கள் 1 பெறுவீர்கள். மோல்டர்வைன் ரெக்ளமேஷன் இருந்தால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கார்டு எடுக்கலாம்.

இப்போது கோல்காரி சார்மைப் பாருங்கள். 2 மானா, அன்காமன். அதன் மூன்று பயன்களில் ஒன்று, அந்த டர்ன் முடியும்வரை எல்லா உயிர்களுக்கும் -1/-1. வேறு டெக்கில் இது சுமாரான பயன். நம்மிடம் 12 சப்ரோலிங்கும் ஸ்லைம்ஃபுட்டும் கட்த்ரோட்டும் இருக்கும்போது போட்டால் என்ன ஆகும்? 12 சப்ரோலிங்கும் 1/1 கட்த்ரோட்டும் ஒரே நேரத்தில் சாகும். 2/3 ஆன ஸ்லைம்ஃபுட் பிழைத்துக்கொள்ளும். ஸ்லைம்ஃபுட்டால் தலைக்கு 12, தன்னோடு செத்தவற்றையும் தன்னையும் சேர்த்து எண்ணும் கட்த்ரோட்டால் தலைக்கு 13. ஆக ஒவ்வொருவருக்கும் 25, மேசை முழுக்க 75!

இதே காரணத்தால் ஸ்போர்க்ரவுன் தாலிட்டை நான் சேர்க்கமாட்டேன். அது சப்ரோலிங்குகளுக்கு +1/+1 தரும்; அப்போது சார்ம் போட்டாலும் அவை சாகாது. நல்ல கார்டுதான், ஆனால் சப்ரோலிங்கை வளர்த்துத் தாக்கும் வேறொரு டெக்குக்கு உரியது.

படி 5: எண்ணிக்கையைப் பிரியுங்கள்

கமாண்டர் போக 99. என் பிரிப்பு இது: லேண்ட் 37, மானா கூட்டுபவை 10, கார்டு எடுப்பவை 10, எதிரியின் கார்டை அழிப்பவை 9, எல்லா உயிர்களையும் அழித்து மேசையையே துடைப்பவை 3, மீதி 30 கருவுக்கு. ஒரே கார்டு இரண்டு வேலை செய்தால் எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வில்லேஜ் ரைட்ஸ் அப்படிப்பட்டது: 1 மானாவில் ஓர் உயிரைப் பலி கொடுத்து 2 கார்டு எடுக்கலாம்.

ஸ்லைம்ஃபுட்டுக்கு மானாப் பசி அதிகம். அதனால் சோல் ரிங், ராம்பன்ட் க்ரோத், கல்டிவேட் எல்லாம் கட்டாயம். அந்த 10இல் கை வைக்காதீர்கள்.

படி 6: லேண்ட்

கமாண்ட் டவர், ஜங்கிள் ஹாலோ, கோல்காரி ராட் ஃபார்ம், எவால்விங் வைல்ட்ஸ். மீதி பெரும்பாலும் ஃபாரஸ்ட், ஸ்வாம்ப். அவ்வளவுதான்.

படி 7: வாங்கும் முறை

பூஸ்டர் பாக்கெட் (உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாத பொட்டலம்) பிரித்து இந்த டெக்கைக் கட்ட முடியாது. தேவையான கார்டை ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஸ்க்ரைஃபால் தளத்தில் சப்ரோலிங் என்று தேடி, நிற அடையாளத்தைக் கறுப்பு பச்சையாக வைத்து, விலை வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். ஒரே கார்டு பல பதிப்பில் வந்திருந்தால் மலிவான பதிப்பை எடுங்கள், மேசையில் எல்லாம் ஒன்றுதான். மொத்தத்துக்கு ஒரு வரம்பு வைப்பதோடு, ஒரு கார்டுக்கு இவ்வளவுதான் என்று தனியாகவும் ஒரு வரம்பு வையுங்கள். ஆசை எப்போதும் ஒற்றைக் கார்டில்தான் மீறும். டோக்கனுக்குப் பணம் வேண்டாம், பொத்தான்களே போதும்.

படி 8: தனியே ஆடிப் பாருங்கள்

டெக்கைக் கலைத்து 7 கார்டு எடுத்து, எதிராளி இல்லாமல் ஆறேழு டர்ன் ஆடுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது டர்னில் ஸ்லைம்ஃபுட் இறங்குகிறதா? அதன் பிறகும் கையில் கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் கருவுக்கான 30இல் இரண்டைக் குறைத்து, கார்டு எடுப்பவற்றைக் கூட்டுங்கள். பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் முலிகன் (பிடிக்காத கையைத் திருப்பிவிட்டு மறுபடி எடுப்பது) இலவசம் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 9: மேசையில்

ஆரம்பிக்கும் முன் உங்கள் டெக் எவ்வளவு வேகம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தில் ஸ்லைம்ஃபுட்டின் 4 மானாத் திறனை உங்கள் டர்னிலேயே செலவழிக்கத் தேவையில்லை. மானாவைத் திறந்து வைத்திருந்து, உங்களுக்கு முந்தைய ஆளின் டர்ன் முடியும் நேரத்தில் பயன்படுத்துங்கள். யாராவது மேசையைத் துடைக்கும் கார்டைப் போட்டால் அந்தச் சப்ரோலிங்குகள் இன்னும் பிறந்திருக்காது, உங்கள் மானாவும் வீணாகாது. இன்னொன்று: எதிராளிகள் துடைக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் அந்தச் சாவுகளின் அடி அவர்களுக்குத்தான் விழும். இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைக்கிறது.

நான்கைந்து ஆட்டம் ஆனதும் கையிலேயே தங்கிப்போகும் கார்டு எது என்று தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு முதலில் மைகோலோத்தைச் சேர்க்கச் சொல்வேன். இறங்கும்போதே 6 சப்ரோலிங்கைத் தின்றால் ஸ்லைம்ஃபுட் மூலம் ஒவ்வொருவருக்கும் 6 அடி, மைகோலோத்துக்கு 12 கவுண்டர் (+1/+1 குறி). அது உங்கள் அடுத்த அப்கீப் வரை பிழைத்திருந்தால் 12 சப்ரோலிங் பிறக்கும்.