கோல்ஃப் மட்டையை எப்படிப் பிடிப்பது?

முதல் இரண்டு வருடம் நான் மட்டையை உள்ளங்கையில் வைத்து நெரித்தேன். பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகும்; நான் தோளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு இடது கையில் இருந்தது.

வலது கைக்காரர் என்றால் இடது கையில் தொடங்குங்கள். மட்டையின் கைப்பிடி சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மூட்டு வரை சாய்வாக, விரல்களிலேயே கிடக்கட்டும். உள்ளங்கையின் தடித்த சதை அதன்மேல் அமரும். கட்டைவிரல் நடுவிலிருந்து சற்று வலப்புறம். இப்போது குனிந்து பாருங்கள்: புறங்கை முட்டிகளில் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதா? கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வையுங்கள். என் பந்து நேரானது இதில்தான்.

அப்புறம் வலது கை. அதன் உள்ளங்கைப் பள்ளம் இடது கட்டைவிரலை மூட வேண்டும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி, நடுவிரல்களுக்கு இடையே மேலாக வைப்பது அந்தக்கால கோல்ஃப் வீரர் ஹாரி வார்டன் பிரபலமாக்கிய பிடி. ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்வது ஜாக் நிக்லஸ், டைகர் உட்ஸ் வழி. என் விரல்கள் குட்டை, கோப்பதுதான் சரிப்பட்டது.

இறுக்கம்? முன்கை விறைத்தால் அதிகம். சரி, கையுறையையும் பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓட்டை விழுந்தால், மட்டை இன்னும் அங்கேதான் உருள்கிறது.