தனி ஆள் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியாகச் சமைத்துச் சாப்பிடத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, நான்கு பேருக்கான அளவை நான்கால் வகுத்துவிட்டால் தமக்கான அளவு வந்துவிடும் என்று நம்புவதாகும். அரிசியும் பருப்பும் அப்படி வகுபடும். தண்ணீரும் தாளிக்கும் எண்ணெயும் வகுபடுவதில்லை. ஆவியாகிப் போகும் நீர், பாத்திரத்தின் வாயகலத்தையும் அது அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்ததே தவிர, உள்ளே கிடக்கும் அரிசியைப் பொறுத்ததல்ல. எங்கள் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சோற்றுக்கு 1 ஆழாக்கு அரிசி, கால் ஆழாக்குத் துவரம்பருப்பு, மூன்றரை ஆழாக்குத் தண்ணீர் என்பது என் வீட்டுக் கணக்கு. கோயம்புத்தூரில் அறை எடுத்துத் தங்கிய முதல் வாரத்தில் இதை அப்படியே பாதியாக்கி, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த 5 லிட்டர் குக்கரில் வைத்தேன். அவ்வளவு பெரிய குக்கர் சூடாகி ஆவி நிறைந்து முதல் விசில் வருவதற்குள்ளேயே தண்ணீரில் ஒரு பங்கு போய்விட்டது. மேலே நறுக்கரிசி, அடியில் தீய்ந்த பருப்பு, நடுவில் மட்டும் இரண்டு கரண்டி சோறு.

தனி ஆளுக்கு 2 லிட்டர் குக்கர் போதும். பெரியதுதான் கைவசம் இருக்கிறது என்றால், குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்றி, அரிசியையும் பருப்பையும் ஒரு சின்னப் போசியில் போட்டு மூடி உள்ளே வைத்துவிட வேண்டும். சோற்றுக்கான தண்ணீர் அப்போது போசிக்குள்ளேயே நிற்கும், ஆவியாவது அடித்தண்ணீராக இருக்கும். தாளிப்பிலும் இதே கணக்குத்தான். கடுகு பொரிய வேண்டுமானால் அது எண்ணெயில் முங்கியிருக்க வேண்டும். அகன்ற வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் படலமாகப் பரவிவிடுவதால் கடுகு பொரியாமல் கருகுகிறது. எண்ணெயைக் கூட்டுவதைவிடக் குழிவான தாளிப்புக் கரண்டி ஒன்று வாங்குவது மலிவு.

இரண்டாவது தவறு சற்று ஆழமானது. சிறு வயதில் சாப்பிட்டதை நினைத்துச் சிக்கனம் பிடிக்கிறவர்கள், அந்தச் சிக்கனம் மலிவான பொருளில் இருந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். கொள்ளும் கம்பும் வாங்கி அடுக்கிவிட்டால் செலவு குறைந்துவிடும் என்று நானும் நினைத்தேன். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் நடந்தது வேறு. முதல் நாள் இரவே ஊறிய கொள்ளு, காலையில் வேண்டியதற்கும் அதிகமான தண்ணீரில் வேகும். வெந்ததும் தண்ணீரை இறுத்துத் தனியே வைப்பார். வெந்த கொள்ளில் ஒரு பிடியை எடுத்து மூடி வைத்துவிட்டு, மீதியோடு வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடைவார். மதியம் அந்தக் கடைசல் சோற்றுக்கு. பள்ளி விட்டு வரும் எங்களுக்கு எடுத்து வைத்த அந்தப் பிடிக் கொள்ளு, தேங்காய்த் துருவலோடு. இறுத்த தண்ணீர் புளி கரைத்து இரவுக்கு ரசமாகும். ஒரு முறை அடுப்பு எரிந்து மூன்று வேளை நடந்தது.

நான் செய்ததோ, கால் கிலோ கொள்ளையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு, இறுத்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, முழுவதையும் கடைந்து, அடுத்தடுத்து நான்கு வேளை அதையே தின்று, ஐந்தாவது வேளை மனம் வராமல் எறிந்ததுதான். பொருள் மலிவாக இருந்தும் குப்பைக்குத்தான் போயிற்று. தனி ஆளுக்கு 50 கிராம் கொள்ளு தாராளம். கடைவதற்கு முன்பே எது எந்த வேளைக்கு என்று பிரித்துவிட வேண்டும், ஏனெனில் கடைந்த பிறகு கடைசலாகத் தின்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை, வெந்த மணியாக இருக்கும் வரைதான் அது சுண்டலாகவும் குழம்பாகவும் மாறும்.

பருப்பு வேகாமல் எரிவாயு வீணாவதற்குத் தண்ணீரைப் பெரும்பாலோர் காரணமாக நினைப்பதில்லை. கோவையில் பல வீடுகளில் குடிக்கும் சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு குழாயும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாயும் தனித்தனியாக இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதி. இவை பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுவதால், எட்டு விசில் விட்டாலும் கொள்ளு கல்லாகவே கிடக்கும். குடிப்பதற்குப் பிடித்து வைத்த தண்ணீரில் ஊறவைத்து அதிலேயே வேகவைத்தால் பாதி நேரம் மிச்சமாகிறது. புளியும் தக்காளியும் இதே கெடுதலைச் செய்யும். அவற்றைப் பருப்பு மலர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். "வேகறதுக்கு முன்னாடி புளியக் கொட்டுனா அது எந்தக் காலத்துல கண்ணு வேகும்?" என்று அம்முச்சி கேட்டதற்கு வேதியியல் இதுதான். அவர் உப்பையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார். அதில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. ஊறும் தண்ணீரில் சிட்டிகை உப்புப் போட்டால் தோல் இளகி விரைவில் வேகிறது. சமையல் சோடாவைப் போடுவோரும் உண்டு. வேகத்தான் செய்யும், ஆனால் தயமின் என்னும் பி வகை வைட்டமின் அழிவதோடு வழவழவென்று ஒரு சோப்புச் சுவையும் ஒட்டிக்கொள்ளும். பழைய இருப்புப் பருப்பு எந்தத் தண்ணீரிலும் சரியாக வேகாது என்பதால், மலிவு என்று ஆண்டுக்கணக்கில் வாங்கி வைப்பதும் சிக்கனமாகாது.

மிஞ்சிய சோற்றில் நடக்கும் தவறு வயிற்றைப் பாதிப்பது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். காலையில் வடித்த சோற்றை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய், இரவு வந்து சூடுபடுத்திச் சாப்பிடுவது தனியாக இருப்போரிடம் சாதாரணம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. அறை வெப்பத்தில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை கவலையில்லை. குளிர்பெட்டி இல்லையென்றால் மிஞ்சாத அளவுக்கு வடிப்பதே வழி. அப்படியானால் பழைய சோறு எப்படி என்று கேட்கலாம். அது வெறுமனே மூடி வைத்த சோறன்று. நீரில் முழுவதும் முங்கிய சோற்றில் லாக்டிக் அமிலம் ஊறிப் புளிப்பேறுவதால் கெடுக்கும் கிருமிகள் பல தலையெடுப்பதில்லை. அதுவும் ஓர் இரவுக்கான ஏற்பாடுதான். சித்திரை வெயிலில் மறுநாள் மதியம் வரை நீட்டக் கூடாது.

சந்தையில் ஏமாறுவது பெரும்பாலும் கூறு கட்டி வைத்த காயில்தான். வாரச் சந்தையில் ஒரு கூறு கத்திரிக்காய் விலையில் மலிவு, ஆனால் தனி ஆள் பாதியைத் தின்பதற்குள் மீதி சுருங்கிவிடும். உழவர் சந்தையில் எடை போட்டுக் கால் கிலோவாக இரண்டு வகை வாங்குவதே மேல். கீரைக்கட்டை வாங்கினால் அன்றே ஆய்ந்து முழுவதையும் சமைத்துவிட வேண்டும். சின்ன வெங்காயத்தை நெகிழிப் பையிலேயே விட்டுவிட்டால் வியர்த்து அழுகும், காற்றோட்டமாகப் பரப்பி வைக்க வேண்டும்.

மாவு வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பிறகு கம்பு மாவுப் பொட்டலம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. நான் ஒரு கிலோ வாங்கி, இரண்டு முறை கூழ் காய்ச்சினேன். மூன்றாம் முறை வாயில் வைக்க முடியாத கசப்பு. கம்பில் கொழுப்புச் சத்து அதிகம். அரைபட்டவுடன் அதிலேயே இருக்கும் லிப்பேஸ் என்னும் நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடுவதால் சில நாளிலேயே மாவு காறிப் போகிறது. முழுக் கம்பு மாதக்கணக்கில் கெடாது. அம்முச்சி கம்புக்கு ஈரம் காட்டி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் இடித்ததை வேறு வழியில்லாத பாடு என்றே நான் நினைத்திருந்தேன். இப்போது முழுக் கம்பாக வாங்கி, வேண்டும்போது ஒரு கைப்பிடியை மிக்சியில் நொய்யாக உடைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, தனி ஆள் சமைக்கவே கூடாத பண்டங்கள் சில உண்டு. இடியாப்பம் போன்ற சந்தவை அதில் ஒன்று. அரைத்த அரிசி மாவை இட்லியாக ஊற்றி வேகவைத்து, ஆவி பறக்கும்போதே முக்காலி நாழி என்னும் பிழியும் கருவியில் இட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் இறங்காது. ஒருவர் இட்லியை எடுத்துத் தர, ஒருவர் பிழிய, ஒருவர் தட்டை நகர்த்த வேண்டும். ஆசைப்பட்டு ஒரு முறை தனியாக முயன்றேன். மூன்றாவது இட்லியை எடுத்து வருவதற்குள் நாழியில் இருந்த இரண்டாவது இறுகிவிட்டது, கைப்பிடியும் வளைந்தது. அம்முச்சி வீட்டு நாழி இன்னும் மாமா வீட்டில் இருக்கிறது. சந்தவை தின்ன வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் கோபிக்குப் பேருந்து ஏறிவிடுகிறேன். தட்டை நகர்த்துவது இன்னமும் என் வேலைதான்.