தம்பிக்கு எப்போது போன், பாப்பாவுக்கு எப்போது போன்

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துக் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை. கம்பம் தாண்டி, லோயர் கேம்புக்கு முன்னால் வருகிற ஊர். அதற்கு மேல் மலை ஏறினால் குமுளி, கேரளா. எட்டு வருடமாக இங்கே ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். ரீசார்ஜ், சிம், டெம்பர் கிளாஸ் ஒட்டுவது எல்லாம் நான்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் தினமும் நாலு பேராவது கேட்பார்கள்: "பிள்ளைக்கு எந்த வயசுல போன் வாங்கிக் குடுக்கலாம்மா?" கடையில் நிற்கிறவள் "இப்பவே வாங்குங்க" என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொல்கிறது வேறு. முதலாளி இரண்டு தடவை முகம் சுளித்துவிட்டார்.

எனக்கு ஒரு தம்பி, பத்து வயது இளையவன். ஒரு தங்கை, பதினாறு வயது இளையவள். வீட்டில் அவள் பெயர் பாப்பா. அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். விடிவதற்கு முன்னால் தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்கும். தூக்குச்சட்டியோடு ஏறினால் குமுளி தாண்டிப் போய்விட்டு, இருட்டுகிற நேரத்துக்குத்தான் இறங்குவாள். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பும் கவாத்தும். இரண்டு பேரையும் வளர்த்தது நான் என்று எழுதினால் அம்மா சண்டைக்கு வருவாள். சரி, பார்த்துக்கொண்டது நான்.

முதலில் வயதைக் கேட்காதீர்கள். போன் யாருக்குத் தேவை என்று கேளுங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி, குமுளி எல்லையில் பாதை அடைபட்டது. அன்று காலை மலைக்குப் போன அம்மா ராத்திரி வரவில்லை. நான் எட்டாம் வகுப்பு, தம்பிக்கு மூன்று வயது. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில், அவரோடு லோயர் கேம்பில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் மதியம் மூன்று வீடு தள்ளி இருந்த மளிகைக் கடைக்காரர் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. யாரோ சூப்பர்வைசர் போனில் இருந்து அம்மா. "தம்பி சாப்பிட்டானா?" அதற்குள் கட்டாகிவிட்டது. கடைக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தேவைப்பட்டது எனக்கு ஒரு போன் இல்லை, வீட்டுக்கு ஒரு போன். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெற்றவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், பிள்ளை ஒன்றாம் வகுப்பாக இருந்தாலும் ஒரு கீபேடு போன் வைக்கலாம். ஆனால் அது பிள்ளையின் போன் இல்லை. எங்கள் வீட்டில் அது ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில், ஜவுளிக்கடை மஞ்சள் பையில் தொங்குகிறது. வீட்டுக்குள் ஒழுங்காக டவர் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். பையை யாரும் கழற்றக் கூடாது; நின்றுகொண்டே பேசிவிட்டு வைத்துவிட வேண்டும். வாங்கும்போது 4ஜி கீபேடாகப் பார்த்து வாங்குங்கள், 2ஜி மட்டும் உள்ள பழைய செட்டில் சில கம்பெனி சிம் வேலை செய்யாது. எண்களை ஸ்பீடு டயலில் போட்டு, 2 என்றால் அம்மா, 3 என்றால் அக்கா என்று பழக்கிவிடுங்கள்.

ஆனால் ஸ்பீடு டயலை நம்பி விட்டுவிடக் கூடாது. எண் பிள்ளையின் மண்டையில் இருக்க வேண்டும். பாப்பாவுக்கு ஐந்து வயதில் வாசலில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் அம்மா நம்பரின் ஒரு இலக்கத்தை எழுதினேன். பாண்டி ஆடுகிற மாதிரி நொண்டியடித்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் பின்னாலிருந்தும் சொன்னாள். அப்புறம் இரண்டு எண்: ஆபத்து என்றால் 112, பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098. ஊர் பெயரை மாவட்டத்தோடு சேர்த்துச் சொல்லவும் பழக்குங்கள். "கூடலூர்" என்று மட்டும் சொன்னால் எங்கள் கதிதான், பாதிப் பேர் நீலகிரிக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் டவர் வரும், போகும். அம்மா வேலை செய்கிற காட்டில் ஒரே ஒரு பாறையில்தான் சிக்னல். மதியம் சாப்பிடும்போது அதில் ஏறி நின்று ஒரு மணிக்குப் பேசுவாள். மற்ற நேரத்தில் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வரும். தம்பி சின்னவனாக இருக்கும்போது அந்தக் குரலைக் கேட்டாலே அழுதுவிடுவான். "அம்மா பாறையில இல்லடா, காய் எடுத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் அடங்கினான். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் என்ன அர்த்தம், அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பதைப் போன் கொடுக்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தைக்குச் சோறூட்டப் போன் காட்டுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, முறைப்பார்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

இனி தொடுதிரை போன். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

2020-ல் பள்ளி மூடியபோது தம்பி ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். கல்வி தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. குமுளியில் இருக்கிற சித்தி மகனுக்கு மலையாளத்தில், கேரள அரசின் விக்டர்ஸ் சேனலில், ஃபர்ஸ்ட் பெல் என்ற பாட நிகழ்ச்சி. ஆனால் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அம்மாவின் பெயரில் கடையிலிருந்து தவணையில் ஒரு போன் எடுத்து, அம்மாவின் சிம்மையே போட்டு அவனிடம் கொடுத்தேன். செய்த தப்பு அதுதான். அந்த எண்ணில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கு. யூபிஐயும் நானே போட்டு வைத்திருந்தேன், ரகசிய எண் அம்மா பிறந்த வருடம். ஒரு துப்பாக்கி விளையாட்டில் சட்டையும் தொப்பியும் வாங்குகிறேன் என்று கொஞ்சம் கொஞ்சமாக 2,350 ரூபாயைக் கரைத்துவிட்டான். வங்கிக் குறுஞ்செய்திகளை அழித்தும் விட்டான். ஒன்பது நாள் கழித்து, அரிசி வாங்கப் பணம் எடுக்கப் போன அம்மா வெறுங்கையோடு வந்தபோதுதான் தெரிந்தது.

அம்மா அவனை அடிக்கவில்லை. ஏலக்காய் எடுத்துக் கறுத்த விரல்களை அவன் முன்னால் நீட்டி, "இது எத்தனை நாள் காயின்னு எண்ணுடா" என்றாள். அவன் நிஜமாகவே எண்ண ஆரம்பித்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பணம் போனதைவிட அந்த ஒன்பது நாள்தான் எனக்கு உறுத்தியது. தினம் என் பக்கத்தில்தான் சாப்பிட்டான், படுத்தான். சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு குடையைத் தொலைத்ததற்கு இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தவள் நான். அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. கெட்ட செய்தியைத் தானாக வந்து வீட்டில் சொல்கிற பிள்ளைக்குத் தனிப் போன் கொடுக்கலாம். சொல்லாத பிள்ளைக்குப் பதினேழு வயதானாலும் பொறுத்துக் கொடுங்கள். போனுக்குள் நடக்கிற வில்லங்கம் எல்லாம், மிரட்டலோ, போட்டோ கேட்கிறதோ, பணம் போனதோ, பிள்ளை வாயைத் திறக்காதவரை நமக்குத் தெரியாது.

இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க நாள் ஆகும். தம்பியின் உயரத்தைக் கதவுநிலையில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அம்மா அதை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள். ஆனால் பிள்ளை வளர்கிறது கோட்டில் மட்டும் தெரிவதில்லை. தண்ணீர் பாட்டில் மூடியோடு திரும்பி வருகிறதா? மீதிச் சில்லறை கேட்காமலே மேசைக்கு வருகிறதா? "போதும், வை" என்று ஒரு தடவை சொன்னால் டிவி ரிமோட்டை வைக்கிறதா, ஐந்து தடவையா? பத்தாம் வகுப்பில் ஒரு நாள் தம்பி, கூட்டாளியின் சைக்கிளை வாய்க்கால் மேட்டில் விட்டு ரிம்மை வளைத்துவிட்டான். அன்று சாயங்காலமே கடை வாசலில் வந்து நின்றான். குரல் அப்போதுதான் உடைந்திருந்தது, பாதி வார்த்தை கீச்சென்று வந்தது. "யக்கா, ஒண்ணு பண்ணிட்டேன். திட்டிக்கோ, ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு." முழுதாகக் கேட்டேன். திட்டவில்லை. பழுதுக்கான பணத்தில் பாதியை விடுமுறையில் திராட்சை பறிக்கப் போய்க் கொடுத்தான். 2024 ஜூனில் பதினொன்றாம் வகுப்புச் சேர்ந்து கம்பத்துக்கு பஸ் ஏறியபோது போன் வாங்கிக் கொடுத்தேன்.

கொடுக்கிற நாளில் என்ன செய்ய வேண்டும்? முதலில் சிம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் பெயரில் சிம் தரமாட்டார்கள், அதனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயரில்தான் வாங்க வேண்டும். அந்த எண்ணில் என்ன நடந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். வங்கியோடு இணைந்த சிம் பிள்ளை கையில் போகவே கூடாது, ஓடிபி அதில்தான் வரும். யூபிஐ செயலியும் வேண்டாம். செலவுக்குக் கையில் காசு கொடுங்கள். *#06# அழுத்தினால் வருகிற ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, எங்காவது எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டு உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது. போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணை வைத்துப் போனை முடக்கலாம்.

அப்புறம் கூகுளின் ஃபேமிலி லிங்க். எத்தனை மணி நேரம், எந்தச் செயலி, ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டு என்பதை நம் போனில் இருந்தே வைக்கலாம். பிள்ளை தூங்கும்போது திருட்டுத்தனமாகப் போடாதீர்கள். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் அவன் கையாலேயே அழுத்த வைத்தேன். பத்தரை மணிப் பூட்டுக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசினான், பத்தே காலில் முடிந்தது. வாட்ஸ்அப்பில் தனியுரிமை, குழுக்கள் என்ற இடத்தில் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் குழுவில் சேர்க்கலாம் என்று மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் பதின்மூன்று வயதுக்கு மேல்தான். பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டுக் கணக்குத் திறந்துதரச் சொல்லிக் கடைக்கே வருகிறார்கள், அப்பாமார்கள்தான் அதிகம். நான் செய்து கொடுப்பதில்லை. பிள்ளை ஏமாந்து பணம் போனால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

போன் ராத்திரி எங்கே தூங்குகிறது என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் மிக்ஸி பக்கத்துப் பிளக்கில். முதல் வாரமே தம்பி மடக்கினான்: "யக்கா, உன் போன் மட்டும் எதுக்குக் கட்டில்ல தூங்குது?" பதில் இல்லை. மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு மூன்று பின் பலகை வாங்கி மாட்டினேன். எனக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

இப்போது பாப்பாவின் முறை. ஆறாம் வகுப்பு. கூடப் படிக்கிற மூன்று பேரிடம் போன் இருக்கிறதாம், பெயர், மாடல், நிறம் எல்லாம் ஒப்பிக்கிறாள். பள்ளிக்கு நடந்து போகிறாள், பத்து நிமிடம். நாலரை மணியிலிருந்து நான் கடையடைத்து வரும்வரை மஞ்சள் பைப் போன் போதும். அவளுக்குத் தம்பியைவிட வாய் அதிகம், ஆனால் நல்ல செய்தி மட்டும்தான் அந்த வாயில் வரும். உடைந்த டம்ளர் அடுப்படிக்குப் பின்னால் இருந்து மூன்று நாள் கழித்துக் கிடைக்கும்.

போன வியாழக்கிழமை கடையில் சிம் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டு எண்ணில் இருந்து அழைப்பு வந்தது.

"யக்கா, கணக்குல இருபத்தஞ்சுக்கு ஆறு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா பாறை நேரம் போயிருச்சு. அதான் உனக்கு அடிச்சேன். பேப்பர்ல கையெழுத்து வேணும், நாளைக்கு."

வாடிக்கையாளரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கல்லாவுக்கு மேலே தொங்குகிற காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு சுழி போட்டேன்.