பம்ப் இழுப்பதில் நடக்கும் பிழைகள்

முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர் ஒருவர் “இந்த மருந்து எனக்குச் சரிவரவில்லை” என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் அவர் அதை எப்படி இழுக்கிறார் என்று பாருங்கள். பல நேரம் மருந்து நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சிறு மூச்சுக்குழாய்கள் வரை போகவேண்டுமென்றால் துகள்கள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோன் அளவில் இருக்கவேண்டும். பெரியவை வாயிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும்.

திருகோணமலையில் அதிகம் காண்பவை இரண்டு வகை: அமுக்கும் பம்ப், கப்சூல் போடும் பவுடர் இன்ஹேலர். இரண்டுக்கும் மூச்சு நேரெதிர். ஆட்கள் குழம்புவது இங்கேதான்.

பம்புக்குள் மருந்தோடு அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கிறது. அமுக்கியதும் மருந்து தானாகவே சீறி வரும். அதோடு நீங்களும் வேகமாக உறிஞ்சினால் அது தொண்டைச் சுவரில்தான் மோதும். குலுக்குங்கள், மூச்சை வெளியே விடுங்கள், மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அமுக்குங்கள், நாலைந்து செக்கன் ஆழமாக இழுத்து 10 செக்கன் அடக்குங்கள். இரண்டாவது முறை தேவையென்றால் அரை நிமிடமாவது விட்டு மறுபடி குலுக்கி எடுக்கவேண்டும். ஒரே மூச்சில் இரண்டு அமுக்கு வேண்டாம்.

பவுடரைத் தள்ளிவிட வாயு கிடையாது. மருந்துத் துகள்கள் பெரும்பாலும் லாக்டோஸ் மணிகளில் ஒட்டிக் கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பது உங்கள் மூச்சின் வேகம்தான். ஆகவே தொடக்கத்திலிருந்தே பலமாக இழுக்கவேண்டும். பம்ப் பழகியவர் இதையும் மெல்ல இழுத்தால் மருந்து லாக்டோஸோடு சேர்ந்து வாயிலேயே தங்கிவிடும். இழுத்தபின் கருவியைத் திறந்து பாருங்கள். பவுடர் மிச்சமிருந்தால் இன்னொருமுறை இழுக்கலாம்.

கப்சூலை விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். மற்றக் குளிசைகளோடு ஒரே பையில், ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுத்தால் யார்தான் விழுங்கமாட்டார்கள்? வாங்கும்போதே அதைத் தனி உறையில் போட்டு, மேலே ‘இழுக்க’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. வாடைக் காலத்தில் உப்புவெளியில் உப்புச் சாடியே கசிந்து ஒழுகும்போது, லாக்டோஸ் பவுடர் மட்டும் காய்ந்தபடி இருக்குமா? ஈரம் பட்டால் கட்டிபடும். கட்டிபட்டது சிறு துகளாகப் பிரியாது. கப்சூல்களை இறுக மூடும் டப்பாவில் வைத்து, இழுக்கும் நேரத்தில் காய்ந்த கையால் ஒன்றை மட்டும் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு; வெளியே எடுத்ததும் வேர்க்குமே, அந்த நீரே போதும். பவுடர் கருவிக்குள் மூச்சை ஊதுவதும் இதே கேடுதான். கழுவினால் நன்றாகக் காயவிட்டே திரும்பப் பாவியுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பம்புக்குச் சூடு பகை. நிலாவெளியில் வெயிலில் நிறுத்திய வானிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலான பம்புகளில் 30 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்றே போட்டிருக்கும்.

“பம்ப் பழகிவிடும், குளிசை போதும்” என்ற பேச்சு கிண்ணியாவிலும் உண்டு, மூதூரிலும் உண்டு. கணக்கைப் பாருங்கள். சல்பியூட்டமோல் பம்பின் ஒரு அமுக்கு 100 மைக்ரோகிராம். ஒரு 4 மில்லிகிராம் குளிசை அதைப்போல் 40 மடங்கு. குளிசை இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் எதில் கூடுதலாக வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீலப் பம்ப், அதாவது சல்பியூட்டமோல், உடனடி ஆறுதலுக்கு மட்டுமே. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிப்பது தினமும் இழுத்து எடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்து. சுகமாக இருக்கிறது என்று அதை நிறுத்துவது, என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரிய பிழை. அதை எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளை படரலாம். நோன்பு காலத்திலும் இதை விடவேண்டியதில்லை: நாளுக்கு இரண்டு வேளை எடுப்பவர் ஸஹருக்கும் நோன்பு துறந்த பிறகும் எடுக்கும்படி டொக்டரோடு பேசி ஒழுங்குபடுத்தலாம். பகலில் முட்டு வந்தால் நீலப் பம்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை, நல்லது. அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும். பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மிச்சம் பார்ப்பதை விட்டுவிடுங்கள். 200 அமுக்குப் பம்பென்றால் 200 முடிந்த பிறகும் சீறும், அந்தச் சீறலில் மருந்து இருக்குமென்று நம்பமுடியாது. திறந்த திகதியை மேலே எழுதி எண்ணிக்கொள்ளுங்கள்.

நீலப் பம்ப் எடுத்தும் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லமுடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஆளை நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அமுக்காகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.