லாவோஸுக்குக் கார் ஓட்டிப் போகிறீர்களா? முன்விளக்கை முதலில் பாருங்கள்

முதல் தடவை தாய்லாந்து எல்லையில் உள்ள நோங்காய் பாலம் தாண்டி லாவோஸுக்குள் ஓட்டிய இரவில், எதிரே வந்த பிக்கப் வண்டியெல்லாம் எனக்கு ஹை பீம் அடித்துவிட்டுப் போனது. சிங்கப்பூர் நம்பர் பிளேட்டைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏழெட்டு வண்டி போன பிறகு பக்கத்தில் இருந்த மைத்துனன் கேட்டான்: "மாமா, நீங்க ஹை பீம்லயா ஓட்டுறீங்க?" இல்லை, லோ பீம்தான். தப்பு அதிலேதான் இருந்தது.

இங்கே சிங்கப்பூரில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மலேசியாவும் தாய்லாந்தும் அப்படியே. அதனால் நம் லோ பீம் வலது பக்கம் தட்டையாக வெட்டுப்பட்டு, இடது பக்கம் சுமார் 15 பாகை மேலே ஏறும். எதிரே வருகிறவர் கண்ணில் படாமல், இடது ஓரத்தில் நடப்பவரையும் பலகையையும் காட்டத்தான் அந்த ஏற்றம். லாவோஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அங்கே எதிர்வண்டி நமக்கு இடது பக்கமாக வரும். ஏறிய வெளிச்சம் நேரே அந்த ஓட்டுநரின் முகத்தில் விழும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிற நமக்கு இது தோன்றுவதே இல்லை.

விளக்கின் முகப்பில் டேப் ஒட்டி அந்த ஏற்றத்தை மறைப்பார்கள்; ஆனால் எல்லா விளக்குக்கும் அது சரிவராது. முதலில் உங்கள் விளக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே உருண்டையாக மீன் கண் மாதிரி ஒரு லென்ஸ் இருந்தால் புரொஜெக்டர். அதில் டேப் ஒட்டிப் பெரிய பயன் இல்லை; வெளிச்சத்தின் வடிவம் லென்ஸுக்குப் பின்னால் உள்ள தகட்டிலேயே வெட்டப்படுகிறது, வெளியே மறைத்தால் மொத்தமாக மங்கும், ஏற்றம் அப்படியே இருக்கும். காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். புதிய எல்இடி கார் பலவற்றில் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று திரையிலேயே ஒரு அமைப்பு இருக்கும். சில பழைய செனான் விளக்குகளில் பின்மூடிக்குள் சின்ன நெம்புகோல் உண்டு. அதை ஒர்க்‌ஷாப்பில் மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் விளக்கின் உயரத்தை இறக்கிக்கொண்டு மெதுவாகப் போவதுதான் வழி.

என்னுடையது பழைய ஹாலஜன், உள்ளே பளபளவென்று கண்ணாடிக் கிண்ணம். இதற்கு டேப் வேலை செய்யும். எங்கே ஒட்டுவது என்று இணையத்தில் படம் தேடாதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் இடம் வேறு. சுவரில் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் சரி.

எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க்கின் மேல்தளத்தில், இரவு பதினொரு மணிக்கு மேல், வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில் இதைச் செய்தேன். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, அதாவது ஒரு கார் நிறுத்தும் லாட்டின் நீளத்துக்கும் கொஞ்சம் கூட, காரை நேராக நிறுத்தி லோ பீம் போடுங்கள். ஒரு விளக்கின் முன்னால் அட்டைப் பெட்டியை வைத்து மறைத்துவிட்டு, மற்றதை மட்டும் பாருங்கள். சுவரில் தட்டைக் கோடும், இடது பக்கம் ஏறும் முக்கோணமும் தெரியும். இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு அட்டைத் துண்டு வெட்டி, விளக்கின் முகப்பில் மெல்ல நகர்த்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் முக்கோணம் மட்டும் காணாமல் போகும். அந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வையுங்கள்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். இடது விளக்கில் கண்டுபிடித்ததைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி வலது விளக்கில் ஒட்டினேன். முக்கோணம் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றது. விளக்குகளின் வெளி வடிவம்தான் ஒன்றுக்கொன்று எதிரெதிர். வெளிச்சம் இரண்டிலும் இடது பக்கமே ஏறுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

அளவுக்கு வயரிங் டேப்பை வெட்டி, ஸ்டிக்கரின் வழவழப்பான பின்தாளில் ஒட்டி வையுங்கள். விளக்கில் ஒட்டிய நிலையில் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு உரித்துவிடுங்கள். வீட்டிலிருந்தே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது: மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 772 கிலோமீட்டர், அதற்கப்புறம் தாய்லாந்து முழுவதும் அந்த இடது வெளிச்சம் உங்களுக்குத் தேவை. நான் நோங்காயில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், விளக்கு ஆறியபின், துடைத்துவிட்டு ஒட்டுகிறேன். 1994ல் திறந்த அந்த நட்புறவுப் பாலத்தின் மேல் இன்னும் இடப்பக்கம்தான். பாலம் முடிந்து லாவோஸ் பக்கத்தில் சிக்னல் போட்டுப் பக்கம் மாற்றிவிடுவார்கள்.

டிக்கியில் சாமான் ஏற்றினால் காரின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை போட்ட சக்கரம் இருந்தால் அதைத் திருப்பி இறக்குங்கள். வெறும் காருக்குச் சுவரில் பார்க்க வேண்டிய கணக்கு: விளக்கின் மையத்தைவிட அந்தத் தட்டைக் கோடு 5 மீட்டரில் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே.

டேப் ஒட்டினால் எதிரே வருகிறவருக்கு நிம்மதி, அவ்வளவுதான். உங்கள் வலது ஓரத்துக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்காது. லாவோஸில் வாங் வியங் ஊருக்குப் போகும் புதிய விரைவுச்சாலை பரவாயில்லை. பழைய சாலையில் இருட்டில் எருமை படுத்திருக்கும். முடிந்தவரை பகலிலேயே ஓட்டுங்கள்.

திரும்பும்போது நோங்காயிலேயே உரித்துவிடுங்கள். பசை ஒட்டியிருந்தால் தின்னரோ பெட்ரோலோ வேண்டாம், பிளாஸ்டிக் மங்கிவிடும். மைத்துனன் கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அதையும் வாங்கிப் பையில் போட்டேன். ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய், பத்து நிமிடம், அப்புறம் சோப்புத் தண்ணீர். போய்விட்டது.